இந்தக் கேள்விகளை எழுதியது யார்?

2023ஆம் ஆண்டு நடுப்பகுதியில், இலங்கை அரசு வறிய குடும்பங்களுக்குக் கொடுக்கும் அஸ்வெசும உதவிக்கான பட்டியல் ஒட்டப்பட்ட வாரம். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஓர் அம்மா ஒரு பொலித்தீன் பையோடு வந்து விறாந்தைக் குந்தில் இருந்தார். பைக்குள் காணி உறுதியின் கொப்பி, கணவரின் மரணச் சான்றிதழ், கடைசி மூன்று மாத லைட் பில். மேன்முறையீடு போட்டுத் தரவேண்டும் என்றார். அவருடைய பெயர் 'நிலையற்ற' என்ற பிரிவில் வந்திருந்தது. மாதம் 2,500 ரூபா, அதுவும் குறுகிய காலத்துக்கு. முழங்கால் வருத்தத்தோடு ஒரு பேரப்பிள்ளையை வளர்க்கிறார். விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துச் சந்திக் கடைக்குக் கொடுக்கிறார். அதுதான் வருமானம்.

கணக்கெடுப்புக்கு வந்தவர் கேட்டவற்றை விரல் மடித்துச் சொன்னார். வீடு என்ன வகை, சுவர் என்ன, காணி எத்தனை பரப்பு, மின்சாரம் எவ்வளவு, வாகனம் உண்டா, ஆடு மாடு உண்டா. சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, இந்தக் கேள்வியளை எழுதினது ஆர்? அவையள் ஒருக்கா எண்டாலும் வந்து என்ர அடுப்படியைப் பாத்தவையோ?"

அந்த நேரம் என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. சட்டம், சபை, அமைச்சு, உலக வங்கி என்று சொல்லலாம். ஆனால் இப்படியான கேள்விகளையும் விதிகளையும் எழுதுகிறவர் எப்படிப்பட்டவர், அந்த இடத்துக்கு எப்படி வருகிறார், எழுதிய பிறகு அவருக்கும் அந்த விதிகளுக்கும் என்ன நடக்கிறது என்று அவர் கேட்டது எனக்குள் கிடந்து உழன்றது. நம் நாட்டில் இந்த ஆலோசகர்களின் முகம் பெரும்பாலும் தெரிவதில்லை. முகம் தெரிந்த ஒருவர் பிரித்தானியாவில் இருக்கிறார். அவர் எழுதிய ஏற்பாட்டுக்குள் இன்று யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் லண்டனில் சீவிக்கிறார்கள். அவர் பெயர் டேவிட் பிராய்ட்.

பெயர் எங்கேயோ கேட்டது மாதிரி இருக்கும். உளவியலின் சிக்மண்ட் பிராய்டுக்கு இவர் பூட்டப்பிள்ளை. 1950இல் பிறந்தவர், ஒக்ஸ்போர்டில் படித்தவர். முதலில் பத்திரிகையாளர், பைனான்சியல் டைம்ஸில் எழுதினார். 1980களில் முதலீட்டு வங்கித் தொழிலுக்குப் போனார். ஆங்கிலக் கால்வாய்க்குக் கீழே ஓடும் சுரங்க ரயிலுக்கு முதலீடு திரட்டியது, பாரிசுக்குப் பக்கத்து டிஸ்னி பூங்காவின் பங்குகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, பிரித்தானிய ரயில் பாதைகளைத் தனியாருக்கு விற்றது என்று அந்தக் காலத்துப் பெரிய கொடுக்கல் வாங்கல்களில் அவர் கை இருந்தது. 2003இல் ஓய்வு பெற்றார்.

2006 கடைசியில் டொனி பிளேயரின் தொழிற்கட்சி அரசு அவரைக் கூப்பிட்டு, நலன்புரிக் கொடுப்பனவில் இருப்பவர்களை வேலைக்குக் கொண்டுவருவது எப்படி என்று ஆராய்ந்து தரச் சொன்னது. 2007 மார்ச்சில் அறிக்கை வெளிவந்தது. சில மாதத்து வேலைதான். தொடங்கும்போது நலன்புரி பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று பிறகு ஒரு பத்திரிகைக்கு அவரே சொன்னார். அது ஒரு வசதியாகக்கூட இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். இந்த வாக்கியத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். வெளியில் இருந்து வருகிறவருக்குப் பழைய பழக்கத்தின் கண்கட்டு இருக்காது, அது உண்மை. ஆனால் முழங்கால் வருத்தம், பேரப்பிள்ளை, விடிய நாலு மணி இதுகளும் அவருக்குத் தெரியாது. ஆலோசகரை வைத்திருப்பவர்கள் முதலாவதை விலை கொடுத்து வாங்குகிறார்கள். இரண்டாவதற்கு விலை கொடுப்பது வரிசையில் நிற்பவர்கள்.

அறிக்கையின் அடிப்படை யோசனை ஒரு வங்கியாளரின் யோசனை. உடல்நலம் இல்லை என்று பல வருடம் கொடுப்பனவில் இருக்கும் ஒருவர் வேலைக்குப் போய் அங்கே நிலைத்தால், அரசுக்கு வருடா வருடம் ஒரு தொகை மிஞ்சும். இன்னும் மிஞ்சாத அந்தப் பணத்தை இன்றே ஒரு சொத்தாக எண்ணுங்கள். தனியார், தொண்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கொடுங்கள். ஆளை வேலையில் சேர்த்து, அவர் அங்கே நீடித்தால் மட்டும், மிஞ்சுகிற பணத்தில் இருந்து கூலி கொடுங்கள். சுரங்க ரயிலுக்கு எதிர்கால டிக்கெட் பணத்தைக் காட்டி முதலீடு திரட்டியவருக்கு இது இயல்பாக வந்திருக்கும்.

தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மாரைப் பற்றியும் அதில் இருந்தது. அதுவரை கடைசிப் பிள்ளைக்கு 16 வயது ஆகும்வரை அவர்கள் வேலை தேடவேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதை 12 ஆக்கலாம் என்றார். 2008இல் 12 ஆனது, பிறகு 10, பிறகு 7, 2012இல் 5. ஆலோசகர் ஒரு கதவை ஒரு சாண் திறந்து காட்டுவார். அரசியல் அதை அகலத் திறக்கும். நலன்புரிச் சீர்திருத்தங்களின் வரலாற்றில் இதைத் திரும்பத் திரும்பக் காணலாம்.

பிளேயர் போய் கோர்டன் பிரவுன் வந்ததும் அறிக்கை கொஞ்சக் காலம் தூங்கியது. 2008இல் ஜேம்ஸ் பர்னல் அமைச்சராகி அவரைத் திரும்ப ஆலோசகராக அழைத்தார். 2009 பெப்ரவரியில் பிராய்ட் எதிர்ப்பக்கம் போய் கொன்சர்வேட்டிவ் கட்சியோடு சேர்ந்தார். அந்த வருடமே பாராளுமன்றத்தின் மேல் சபையான பிரபுக்கள் சபையில் உறுப்பினர். 2010 மே மாதம் நலன்புரிச் சீர்திருத்தத்துக்குப் பொறுப்பான அமைச்சர்களில் ஒருவர். ஒரு தேர்தலிலும் நிற்காமல் ஆறரை வருடம் அந்தத் துறையில் இருந்தார். கட்சி மாறியதை நான் குறையாகச் சொல்லவில்லை. இரண்டு கட்சியும் ஒரே ஆளை ஏற்றுக்கொண்டன என்பதைத்தான் கவனிக்கவேண்டும். மேடையில் எவ்வளவு சண்டை பிடித்தாலும், ஏழைகளிடம் என்ன கேள்வி கேட்பது என்பதில் அவர்களுக்கிடையே பெரிய தூரம் இருக்கவில்லை.

ஒப்பந்த யோசனை 2011இல் நடைமுறைக்கு வந்தது. முதல் வருடக் கணக்கு வந்தபோது, அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்கு நாலு பேர்கூட ஆறு மாதம் வேலையில் நிலைக்கவில்லை. பிறகு கொஞ்சம் தேறியது. ஆனால் அவர் பெயர் நிலைத்தது வேறொன்றில்: யூனிவர்சல் கிரெடிட் என்ற ஒருங்கிணைந்த கொடுப்பனவு.

அதன் அரசியல் முகம் அந்தத் துறையின் மூத்த அமைச்சராக இருந்த இயன் டங்கன் ஸ்மித். உள்ளே இருந்து கட்டியவர்களில் முக்கியமானவர் பிராய்ட். 2012 மார்ச்சில் சட்டமானது, 2013 ஏப்ரலில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஆஷ்டன் அண்டர் லைன் என்ற ஊரில் தொடங்கியது. வேலையில்லாக் கொடுப்பனவு, நோய்க்கானது, வருமான உதவி, வாடகை உதவி, இரண்டு வகை வரிச் சலுகை என்று ஆறு கொடுப்பனவுகளை ஒன்றாகச் சேர்த்தார்கள்.

இந்த யோசனையின் நல்ல பக்கத்தை மறைக்கக்கூடாது. பழைய முறையில் உழைப்பு கூடினால் ஒவ்வொரு கொடுப்பனவும் தன் தன் கணக்கில் வெட்டும். ஒருவர் கூடுதலாக ஒரு பவுண் உழைத்தால், எல்லா வெட்டும் சேர்ந்து சிலருக்கு 90 பென்ஸுக்கும் மேலே போய்விடும். பத்துப் பென்ஸுக்காக யார் பனிக்குளிரில் இரவு வேலைக்குப் போவார்கள்? யூனிவர்சல் கிரெடிட்டில் ஒரே வெட்டு: பவுணுக்கு 65 பென்ஸ். பிறகு 2017இல் 63, 2021 கடைசியில் 55. வேலை மணித்தியாலம் கூடினாலும் குறைந்தாலும் கொடுப்பனவு தானாக ஏறி இறங்கும். வேலை போனால் திரும்ப முதலில் இருந்து விண்ணப்பிக்கத் தேவையில்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்து நாடு பூட்டப்பட்டபோது, இரண்டே வாரத்தில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். ஏற்பாடு விழவில்லை, காசு போனது.

என் மச்சான் ஒருவர் கிழக்கு லண்டனில் ஒரு கடையில் வேலை செய்கிறார். ஒரு கிழமை முப்பது மணித்தியாலம், மறு கிழமை பன்னிரண்டு. அவருக்கு அந்த ஏறி இறங்கும் வசதி உண்மையிலேயே உதவி. "அது சரியடா, ஆனா முதல் அஞ்சு கிழமையை நீ கேக்கேல்லை" என்றார். யூனிவர்சல் கிரெடிட் மாத முடிவில்தான் கணக்குப் பார்க்கும். விண்ணப்பித்த நாளில் இருந்து முதல் காசு வர ஐந்து கிழமை ஆகும். 2018 வரை ஆறு. மாதச் சம்பளக்காரர் மாதிரி எல்லோரும் பழகவேண்டும் என்பது எண்ணம். வங்கியில் இருப்பு உள்ளவருக்கு ஐந்து கிழமை ஒரு காத்திருப்பு. வேலை போன அன்றே சட்டைப்பை வெறுமையாக இருந்தவருக்கு அது கடன். அரசே முற்பணம் கொடுக்கும், ஆனால் பிறகு மாதா மாதம் கழிக்கும். மச்சான் வீட்டு வாடகையில் ஒரு மாதம் பிந்தினார். அந்த ஒரு மாதத்தை மீட்க அவருக்கு ஒரு வருடம் எடுத்தது. விண்ணப்பம், பதில், சந்திப்பு எல்லாம் ஒன்லைன் கணக்கில்தான். ஆங்கிலம் குறைந்த எங்கள் மாமிமாருக்குப் பிள்ளைகள்தான் அதற்குள் போய் எழுதவேண்டும். பொலித்தீன் பையோடு என் விறாந்தைக்கு வந்த அம்மாவுக்கும் அந்த மாமிமாருக்கும் இடையில் ஐயாயிரம் மைலுக்கு மேல் இருக்கலாம். கையில் இருக்கும் காகிதம் ஒன்றுதான்.

பிராய்ட் வாயால் கெட்டுப்போன இடங்களும் உண்டு. உணவு வங்கிகளுக்கு வரும் கூட்டம் ஏன் கூடுகிறது என்று 2013இல் பிரபுக்கள் சபையில் கேட்டபோது, இலவசப் பொருளுக்குத் தேவை ஏறக்குறைய எல்லையில்லாதது என்ற பொருளில் பதில் சொன்னார். பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் அது சரியாக இருக்கலாம். எங்கள் ஆட்கள் 1990களில் நிவாரண அட்டையோடு சங்கக்கடை வாசலில் நின்றவர்கள். இலவசம் என்பதற்காக அந்த வெயிலில் ஒருவரும் நிற்கவில்லை. 2014இல் மாற்றுத்திறனாளிகள் சிலர் முழுக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு 'பெறுமதி இல்லாதவர்கள்' என்ற மாதிரி ஒரு கூட்டத்தில் பேசி, அது வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டார்.

இனி என்னைக் கூடுதலாக யோசிக்க வைத்த பகுதி. யூனிவர்சல் கிரெடிட்டை வரைந்தவர்களின் கணக்கில், வேலைக்குப் போகிறவர் முதலில் உழைக்கும் ஒரு தொகைக்கு வெட்டு இல்லை. அதுதான் ஆட்களை வேலைக்கு இழுக்கும் கொழுக்கி. 2015இல் நிதி அமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன் அந்தத் தொகையை நறுக்கினார். மொத்தக் கொடுப்பனவுக்கு ஓர் உச்ச வரம்பு முன்னரே வந்திருந்தது. 2017 ஏப்ரலில் இருந்து இரண்டு பிள்ளைக்கு மேல் பிறப்பவர்களுக்குக் காசு இல்லை என்ற விதியும் சேர்ந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான வெட்டை எதிர்த்து 2016 மார்ச்சில் டங்கன் ஸ்மித்தே பதவியை விட்டார். அந்த வருடக் கடைசியில் பிராய்டும் ஒதுங்கினார். பிறகு, பதவி இல்லாத காலத்தில், திறைசேரியோடு தான் பட்ட பாட்டை விரிவாக எழுதினார். உச்ச வரம்பும் இரண்டு பிள்ளை விதியும் போகவேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

அதைப் பதவியில் இருந்தபோது சொல்லியிருக்கலாம் என்பவர்கள் உண்டு. எனக்கும் அந்த எண்ணம் வரும். ஆனால் இதில் ஒரு மனிதரின் குணத்தைவிடப் பெரிய விசயம் இருக்கிறது. ஆலோசகர் வாய்க்கால் வெட்டுகிறார். எவ்வளவு தண்ணீர் விடுவது என்று தீர்மானிக்கிற கை வேறு. வாய்க்கால் எவ்வளவு நேராக இருந்தாலும், துலாவை இறைப்பவர் நிறுத்திவிட்டால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போகாது. தோட்டம் செய்கிற எவருக்கும் இது தெரியும். கடைசிப் பாத்தியில் நிற்பவரோ வாய்க்காலைத்தான் திட்டுவார், அவருக்குக் கண்ணில் படுவது அதுதான்.

இதை வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்ப்போம்.

இலங்கையில் நலன்புரியை வெட்டச் சொல்லும் ஆலோசனை புதிதல்ல. 1953இல் மானிய அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்தில் இருந்து 70 சதமானது. உணவு மானியத்தைக் குறைக்கும்படி உலக வங்கிக் குழு அதற்கு முன்பே சொல்லியிருந்தது. ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரில் டட்லி சேனநாயக்க பிரதமர் பதவியை விட்டார். அதற்குப் பிறகு வந்த அரசுகள் அரிசியில் கைவைக்கப் பல வருடம் பயந்தன. 1979இல் பங்கீட்டு அரிசி போய் உணவு முத்திரை வந்தது. பிறகு வறியோருக்கான திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன: 1989இல் பிரேமதாசவின் ஜனசவிய, 1990களின் நடுவில் சந்திரிகாவின் சமுர்த்தி, 2013இல் திவிநெகும. திவிநெகும எங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அதன் சட்டத்துக்கு மாகாண சபைகளின் சம்மதம் வேண்டியிருந்தது. வடக்கில் அப்போது மாகாண சபையே தெரிவு செய்யப்பட்டிருக்கவில்லை, அதன் சார்பில் ஆளுநர் சம்மதம் கொடுத்தது செல்லுமா என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை போனது. ஏழைகளுக்கான ஒரு திட்டம் அதிகாரப் பகிர்வின் வழக்காக மாறியது எங்கள் நாட்டில்தான் நடக்கும். இந்தப் பெயர்களின் பொருளையும் பாருங்கள். ஜனசவிய என்றால் மக்கள் பலம். சமுர்த்தி என்றால் செழிப்பு. அஸ்வெசும என்றால் ஆறுதல். ஒரு நாட்டின் நம்பிக்கை எப்படிச் சுருங்கியது என்று இந்த மூன்று சொல்லும் சொல்லிவிடும்.

சமுர்த்தியை நான் தூக்கிப் பிடிக்க வரவில்லை. கட்சிக்காரர் பெயர்கள் ஏறியதும், உண்மையிலேயே வறியவர்கள் வருடக்கணக்காக வெளியே நின்றதும் எல்லோருக்கும் தெரியும். அதைத் திருத்த 2002இலேயே நலன்புரி நன்மைகள் சட்டம் வந்தது. அது உயிர்பெற்று வேலை செய்ய, நாடு 2022இல் வங்குரோத்தாகி, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு ஒப்பந்தம் வரவேண்டியிருந்தது. யூலையில் அஸ்வெசும தொடங்கியது.

அதன் வேலை முறை இதுதான். எங்கள் நாட்டில் பெரும்பாலானோருக்குச் சம்பளத் துண்டு இல்லை. இடியப்பம் விற்கும் வருமானத்தை எந்த அலுவலகமும் அளக்க முடியாது. அதனால் கண்ணுக்குத் தெரிவதை அளக்கிறார்கள்: கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு தலைப்பில் 22 குறிகாட்டிகள். ஒவ்வொன்றுக்கும் புள்ளி. புள்ளிப்படி குடும்பங்களை வரிசைப்படுத்தி, மிகவும் வறிய 4 லட்சம் குடும்பத்துக்கு 15,000 ரூபா, வறிய 8 லட்சத்துக்கு 8,500, பாதிக்கப்பட்ட 4 லட்சத்துக்கு 5,000, நிலையற்ற 4 லட்சத்துக்கு 2,500 என்று தொடக்கத்தில் வகுத்தார்கள். 2025 ஜனவரியில் முதல் இரண்டும் 17,500, 10,000 ஆகின. கூட்டிப் பாருங்கள், 20 லட்சம் குடும்பம். விண்ணப்பித்தவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். அப்படியென்றால் கோடு எங்கே விழுகிறது என்பதை ஏழ்மை மட்டும் தீர்மானிக்கவில்லை. எத்தனை பேருக்குக் கொடுக்கக் காசு ஒதுக்கப்பட்டதோ அங்கே கோடு விழுந்தது. வாய்க்கால் ஓரிடம், துலா ஓரிடம்.

குறிகாட்டிகள் வடக்கில் எப்படித் தடுக்கி விழுகின்றன என்பதற்கு அந்த அம்மாவின் வீடே போதும். இடம்பெயர்ந்து திரும்பியபோது இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை லட்சம் ரூபா கிடைத்தது. அதற்குள் வீடு முடியாது. சங்கிலியை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, கல்வீடாக எழுப்பினார். உள்ளே கதிரை மூன்று, பழைய ரீவி ஒன்று. சங்கிலி மீளவில்லை. படிவம் அந்த வீட்டைப் பார்த்து இவருக்குச் சொத்து இருக்கிறது என்று எழுதியது. வீட்டுக்குள்ளே இருந்த கடனைக் கேட்கவில்லை. காணி நாலு பரப்பு, அதுவும் பாதி உவர் நிலம். போரில் எல்லாம் இழந்ததற்காகக் கிடைத்த வீடு, இழப்பே இல்லாதவர் கணக்கில் அவரைக் கொண்டுபோய் விட்டது. ஒரே படிவம் நாடு முழுவதும் நேர்மையானது என்று கொழும்பில் இருந்து பார்க்கத் தோன்றும். ஊருக்கு ஊர் சுவரின் பொருள் வேறு.

இன்னொரு விதி எங்கள் ஒழுங்கையை நிறையக் காயப்படுத்தியது. பட்டியலில் இருக்கும் ஒருவருக்குத் தகுதி இல்லை என்று வேறு யாரும் ஆட்சேபனை போடலாம். பிழையானவர் உள்ளே வராமல் தடுக்கும் வழி என்று வரைந்தவர் நினைத்திருப்பார். இங்கே வேலிக்கு வேலி கதை நின்றது. கோயில் திருவிழாவில் ஒரே பந்தியில் இருந்து அன்னதானம் சாப்பிட்ட இரண்டு குடும்பம் அந்த வருடம் தனித்தனியாக வந்து போனார்கள்.

யாழ்ப்பாணத்தில் முதியோருக்கும் ஆதரவற்றோருக்கும் தபாற்கந்தோரில் கொடுக்கும் மாதாந்த உதவியை ஊரில் 'பிச்சைச் சம்பளம்' என்பார்கள். சின்ன வயதில் நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வலிக்கிறது. பிராய்டின் அறிக்கையின் தலைப்பே சார்ந்திருத்தலைக் குறைப்பது பற்றியது. சார்ந்திருத்தல், பிச்சை, தகுதி, ஆட்சேபனை. சொல் எந்த மொழியில் இருந்தாலும் உதவி வாங்குகிறவர் முதலில் தன்னை நிரூபிக்கவேண்டும் என்ற சந்தேகம் அதற்குள் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அகிலன் கதிர்காமர் போன்றவர்கள், ஆட்களைச் சலித்தெடுக்கும் முறையை விட்டு எல்லோருக்குமான நலன்புரிக்குப் போகவேண்டும் என்று தொடர்ந்து வாதாடி வருகிறார்கள். செலவு பெரிது என்ற பதில் உடனே வரும். ஆனால் இலவசக் கல்வியையும் இலவச வைத்தியத்தையும் நாங்கள் புள்ளி போட்டுக் கொடுக்கவில்லை. அந்த அம்மாவின் பேரன் பள்ளிக்கூடம் போவதற்கும், அவருடைய முழங்காலுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கிடைப்பதற்கும் ஒருவரும் லைட் பில் கேட்கவில்லை.

எல்லோருக்குமான நலன்புரி வரும்வரை புள்ளி முறைதான் இருக்கப்போகிறது என்றால், அதை எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டு. உங்கள் பெயரையும் நீங்கள் எடுத்த முடிவுக்கான காரணத்தையும் வெளியே வையுங்கள். பிராய்டைப் பற்றி இவ்வளவும் எழுத முடிவதே அவருடைய அறிக்கை, அமைச்சர் பதவி, சபையில் சொன்ன பதில், கேட்ட மன்னிப்பு எல்லாம் பகிரங்கமாக இருப்பதால்தான். அப்புறம், சட்டம் நிறைவேறிய பிறகு ஒரு மாதம் ஏதாவது ஒரு பிரதேச செயலகத்தில் மேன்முறையீட்டு மேசைக்குப் பக்கத்தில் வந்து இருங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தால் நல்லது, வவுனியா என்றாலும் சரி, மொனராகலை என்றாலும் சரி.

அம்மாவின் மேன்முறையீட்டை அன்று இரவு முடித்துக் கொடுத்தேன். குறிப்புக்கான சின்னப் பெட்டிக்குள் அடகுக் கடனையும் முழங்காலையும் அடக்க முடியவில்லை, கடனை எழுதி முழங்காலை விட்டேன். நீண்ட நாள் பதில் இல்லை. 2024இல் இரண்டாம் கட்டத்துக்கு விண்ணப்பம் கேட்டபோது திரும்பவும் அதே பையோடு வந்தார், லைட் பில் மட்டும் புதியது. இந்த முறை வீடு பார்க்க ஆள் வந்தால் முன் விறாந்தையால் கூட்டி வரமாட்டாராம். பின் படலையால் வந்து அடுப்படியைப் பார்த்துவிட்டுத்தான் கதிரையில் இருக்கவேண்டும் என்று சொல்லப்போகிறாராம்.